வழி கணிக்கும் இயந்திரமும் வாய்மொழி அறிந்த ஏஜென்டும்

மதுரையில் மருந்து மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் நாளைக் காலையில் இரண்டு வேன்களில் பதினைந்து கடைகளுக்குச் சரக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே வண்டி எல்லாக் கடைகளுக்கும் போவதானால்கூட, எந்தக் கடை முதலில், எது அடுத்து என்று அமைக்கக்கூடிய வரிசைகள் பத்துக் கடைகளுக்கே 36,28,800 ஆகின்றன. பதினைந்து கடைகளென்றால் அந்தத் தொகை ஒரு இலட்சத்து முப்பதாயிரம் கோடியையும் தாண்டிவிடுகிறது. திருமங்கலத்துக் கடைக்குப் பத்து மணிக்குள் இன்சுலின் போயாக வேண்டும், மேலூர்க் கடை மத்தியானத்தில் பூட்டியிருக்கும், குளிர்பெட்டி இருப்பதோ ஒரு வேனில் மட்டும் என்ற நிபந்தனைகளும் இவற்றோடு சேர்ந்துகொண்டால், நாற்பது வருஷ அனுபவமுள்ள டிரைவரும் சற்று நின்று யோசிக்கத்தான் செய்வார்.

இந்தச் சிக்கலைக் கணித சாஸ்திரம் வெகுநாட்களாகவே ஆராய்ந்து வந்திருக்கிறது. 1956-ஆம் வருஷத்தில் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர், தாம் மணக்கவிருந்த பெண்ணோடு ஆம்ஸ்டர்டாம் கடைவீதியில் சுற்றிக் களைத்து ஒரு காப்பிக்கடையின் முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது, காகிதமும் பேனாவுமின்றி இருபது நிமிஷத்தில், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும் மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் முறையை மனத்திலேயே வகுத்துவிட்டார். அது 1959-இல் அச்சேறியது. அதே வருஷத்தில் அமெரிக்காவில் டான்ட்ஸிக், ராம்ஸர் என்ற இருவர், பெட்ரோல் கிடங்கிலிருந்து பல நிலையங்களுக்கு லாரிகளைப் பங்கிட்டு அனுப்புவது எப்படி என்று எழுதிய கட்டுரையோடு, பல வண்டிகளுக்கு வழி பிரித்துக் கொடுக்கும் தனித் துறை ஒன்று ஆரம்பமாயிற்று. முதலாவது இரண்டு இடங்களுக்கு நடுவே பாதை தேடுவது. இரண்டாவது பல இடங்களைப் பல வண்டிகளுக்குப் பங்கிடுவது. இவ்விரண்டும் வேறு வேறு வேலைகள் என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொண்டால் மேலே சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

இன்று இவ்விரு வேலைகளையும் இலவசமாகவே செய்து தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஜெர்மனியின் கார்ல்ஸ்ருஹே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஓஎஸ்ஆர்எம், 2004-இல் லண்டனில் தொடங்கிப் பொதுமக்களே வரைந்து வளர்த்த ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற உலக வரைபடத்தை எடுத்துக்கொண்டு, அதன் சாலைகளை முன்கூட்டியே பக்குவப்படுத்தி வைத்து, கேட்டவுடன் கண்ணிமைக்கும் நேரத்தில் பாதையும் பிரயாண நேரமும் சொல்லிவிடும். பிரான்ஸ் தேசத்தில் உருவான வ்ரூம் என்ற மென்பொருள், அந்த நேரக் கணக்குகளை வாங்கிக்கொண்டு எந்தக் கடை எந்த வண்டிக்கு, எந்த வரிசையில் என்று நிர்ணயித்துத் தரும்.

இவ்வளவு சாமர்த்தியமுள்ள கருவிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் நம் மருந்து வியாபாரிக்குப் பிரயோஜனப்படாமல் போவதற்குக் காரணம் அவை பேசும் பாஷை. பத்து மணிக்குள் என்றால் வ்ரூமுக்குப் புரியாது. நள்ளிரவிலிருந்து 36,000-ஆவது விநாடிக்குள் என்று எழுத வேண்டும். சரக்கை இறக்கிக் கையெழுத்து வாங்கப் பத்து நிமிஷம் என்பது 600 என்று ஆக வேண்டும். குளிர்பெட்டி வேண்டும் என்பதைச் சொல்ல, அந்தத் தகுதிக்கு ஓர் எண் கொடுத்து, இன்சுலின் போகும் கடைகளிலும் அந்த ஒரு வேனிலும் அதே எண்ணைக் குறிக்க வேண்டும். இவையெல்லாம் ஜேசான் என்ற அமைப்பில், ஓர் அடைப்புக்குறியும் ஒரு காற்புள்ளியும் பிசகாமல் ஒரு கோப்பாக எழுதப்பட்டால்தான் இயந்திரம் அசையும். இராத்திரி எட்டு மணிக்குக் கணக்கு முடித்துக் கடையைப் பூட்டுகிற மனிதர் இதற்கெங்கே உட்காருவார்?

இந்த இடத்தில்தான் ஏஐ ஏஜென்ட் பயன்படுகிறது. கம்பெனி காலத்துத் துரைக்கும் உள்ளூர் வியாபாரிக்கும் நடுவே நின்று இருவர் பாஷையும் பேசிய துபாஷியைப்போல, வியாபாரி சாதாரணத் தமிழில் சொல்வதைக் கேட்டுக் கோப்பாக எழுதி, மென்பொருளிடம் கொடுத்து, அது எண்களாகத் திருப்பிக் கொடுப்பதைத் தமிழிலேயே சொல்லிவிடுகிறது. வழியைத் தானே கணிப்பது அதன் வேலையன்று. கேட்டால் ஒரு வரிசையை அது சரளமாகச் சொல்லிவிடும். பார்க்க நியாயமாகவும் இருக்கும். ஆனால் ஏஜென்டுக்கு மூளையாக இருக்கும் மொழி மாதிரிகள் அடுத்து வரத்தக்க சொல்லை ஊகிக்கப் பழகியவையே தவிர, கோடிக்கணக்கான வரிசைகளைச் சலித்துச் சிறந்ததைப் பொறுக்கும்படி அமைக்கப்பட்டவை அல்ல. பேசத் தெரிந்தது பேசட்டும், கணக்குத் தெரிந்தது கணக்குப் பார்க்கட்டும் என்ற இந்தப் பிரிவினையில்தான் இந்த ஏற்பாட்டின் முழு நன்மையும் அடங்கியிருக்கிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ஏஜென்டையும் மென்பொருளையும் இணைப்பதற்குப் பட்டன்களும் படங்களும் நிறைந்த திரையைக் காட்டிலும், எழுத்தில் கட்டளையிட்டு எழுத்திலேயே விடை பெறும் கமாண்ட் லைன் மேலானது. 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றிய யூனிக்ஸின் ஆரம்ப வருஷங்களிலேயே, ஒரு நிரலின் விடையை மற்றொரு நிரலுக்கு உணவாகக் கொடுத்துச் சங்கிலியாகக் கோக்கும் வழக்கம் அங்கே வேரூன்றிவிட்டது. மொழியைக் கொண்டே கற்ற மாதிரிக்கு எழுத்தே இயல்பான ஊடகம் என்பது ஒருபுறமிருக்க, ஏஜென்ட் என்ன செய்தது என்பது வரிக்கு வரி பதிவாகி நிற்பதால், மறுநாள் வண்டி தவறான ஊருக்குப் போய் நின்றால் எந்தக் கட்டளையில் பிழை நேர்ந்தது என்று மனிதர் ஒருவர் படித்துப் பார்த்துவிடலாம்.

வேலை நடக்கும் விதம் இது: மாதிரி ஒரு கட்டளையை எழுதுகிறது, அதைச் சுற்றியுள்ள நிரல் அக்கட்டளையை உண்மையாகவே ஓட்டி, கிடைத்த விடையை மாதிரியின் முன் வைக்கிறது, அதைப் படித்து மாதிரி அடுத்த கட்டளையை எழுதுகிறது. கோப்பில் குறை இருந்தால் வ்ரூம் 2 என்ற குறியெண்ணோடு குறை இன்னதென்று ஒரு வரியும் திருப்பித் தரும். ஏஜென்ட் அதைப் படித்துக் கோப்பைத் திருத்தி மறுபடி ஓட்டும். பிழையை உரக்கச் சொல்லும் மென்பொருளோடு ஏஜென்ட் நன்றாகவே ஒத்துழைக்கும். பிழையை மௌனமாக விழுங்கிவிடும் மென்பொருளோடுதான் ஆபத்து.

அத்தகைய ஆபத்துகள் இங்கே இரண்டு உண்டு. மதுரையின் இருப்பிடத்தை அட்சரேகை 9.92, தீர்க்கரேகை 78.12 என்றுதான் நாம் எழுதிப் பழகியிருக்கிறோம். இந்த மென்பொருள்களோ தீர்க்கரேகையை முதலில் கேட்கின்றன. ஏஜென்ட் இரண்டையும் இடம் மாற்றி எழுதிவிட்டால் மதுரைக் கடை நார்வேக்கும் வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே நடுக்கடலில் போய் விழும். ஓஎஸ்ஆர்எம் இதைக் குற்றமாகச் சொல்வதில்லை. தன்னிடமுள்ள வரைபடத்தில் அந்தப் புள்ளிக்கு எது கிட்டத்துச் சாலையோ அதைப் பிடித்துக்கொண்டு, சாதாரணமாக விடையும் தந்துவிடும். ஆகையால், ஒவ்வொரு கடைக்கும் கிட்டத்துச் சாலை எவ்வளவு தூரம் என்று முதலில் தனியாகக் கேட்டு, நூறிருநூறு மீட்டருக்கு மேற்பட்டால் வேலையை நிறுத்தச் செய்ய வேண்டும். கடைகளின் இருப்பிடங்களை மாதிரியின் ஞாபகத்திலிருந்து எடுக்கவிடாமல், ஒருமுறை நேரில் சரிபார்த்த பட்டியலிலிருந்தே எடுக்கச் செய்வது அவசியம்.

இரண்டாவது ஆபத்து இன்னும் நுட்பமானது. நிபந்தனைகளுக்குள் அடங்காத கடைகளை வ்ரூம் எந்த வண்டியிலும் ஏற்றாமல் தனியே ஒரு பட்டியலில் ஒதுக்கி வைத்துவிட்டு, காரியம் வெற்றி என்பதற்கு அடையாளமாகப் பூஜ்யம் என்ற குறியெண்ணையே தருகிறது. அதன் நோக்கில் அது சரிதான். ஆனால் ஏஜென்ட் அந்தப் பூஜ்யத்தை மட்டும் பார்த்து, வண்டிகளின் வழிகளை அழகாக விவரித்து முடித்துவிட்டால், உசிலம்பட்டியில் இன்சுலினுக்காகக் காத்திருக்கும் நோயாளிக்கு நாளை மருந்து வராது என்பதை யாரும் அறியமாட்டார்கள். விடுபட்ட கடைகளை முதலில் சொல், வழிகளைப் பிறகு சொல் என்று ஏஜென்டுக்கு நிரந்தர உத்தரவு எழுதிவைப்பதைக் காட்டிலும் முக்கியமான ஏற்பாடு இதில் வேறெதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கமாண்ட் லைன் எவ்வளவு சௌகரியமோ அவ்வளவு அதிகாரமும் உடையது. ஒரே வரியில் கணக்கு முழுவதையும் அழித்துவிடவும் அதனால் முடியும். எனவே அனுமதிக்கப்பட்ட இரண்டு மூன்று கட்டளைகளைத் தவிர வேறெதையும் ஓட்ட முடியாதபடி தனி அறைபோன்ற கணினிச் சூழலில் ஏஜென்டை அடைத்துவைப்பதும், டிரைவர்களுக்கு வழி அனுப்பப்படுமுன் வியாபாரியின் சம்மதத்தைக் கேட்கச் செய்வதும் முறை.

ஓஎஸ்ஆர்எம் சொல்லும் நேரம் சாலையின் தரத்தையொட்டி வகுத்த வேகத்திலிருந்து கணித்தது. இன்றைய நெரிசலும் திருவிழாக் கூட்டமும் தானாக அதற்குத் தெரியா. ஆனாலும் சொன்னால் கேட்டுக்கொள்ளும். பாலம் அடைபட்டிருக்கிறதென்று டிரைவர் போனில் சொன்னால், அந்தச் சாலைத் துண்டின் இரு முனைகளுக்கு வரைபடத்திலுள்ள எண்களைத் தேடியெடுத்து, வேகம் பூஜ்யம் என்று போக ஒரு வரியும் வர ஒரு வரியும் ஒரு சிறு கோப்பில் ஏஜென்ட் எழுதிவிடலாம். பிறகு வேகங்களைப் புதுப்பிக்கும் கட்டளையை மட்டும் ஓட்டிப் புதிய தரவை ஏற்றினால் போதும். வரைபடத்தை முதலிலிருந்து பக்குவப்படுத்த வேண்டியதில்லை. மீதமுள்ள கடைகளுக்கு வ்ரூம் புது வரிசை வகுத்துத் தரும். அடைப்பு நீங்கியபின் அவ்விரு வரிகளிலும் பூஜ்யத்துக்குப் பதில் பழைய வேகத்தை எழுதி அதே கட்டளையை மறுபடி ஓட்டினால் பழைய மார்க்கம் திரும்பிவிடும்.