குழந்தைக்கு ஓர் இழுவண்டி

சைக்கிளிலே குழந்தையை ஏற்றிச் செல்வது நம் நாட்டவர்க்குப் புதிய செய்தியன்று. முன்கம்பியில் ஒரு சிறு இருக்கையைப் பொருத்தி அதிலே ஒரு பிள்ளை, பின்னால் கேரியரில் ஒரு பிள்ளை, கைப்பிடியில் சாப்பாட்டுப் பை என்று பள்ளிக்கு வந்து சேரும் தந்தையரை, தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் நாள்தோறும் வாயிலில் நின்று பார்த்திருக்கிறேன். நானும் அப்படிச் சென்றவனே. ஆகவே, சைக்கிளின் பின்னே தனியாக ஒரு சிறு வண்டியைப் பூட்டி, அதற்குள் குழந்தையை அமர்த்தி இழுத்துச் செல்லும் வழக்கத்தை ஜெர்மனியில் கண்டபோது, இஃதென்ன வீண் ஆடம்பரம் என்றே முதலில் எண்ணினேன். அவ்வெண்ணம் எவ்வாறு மாறியது என்பதையும், அத்தகைய வண்டியை வாங்கப் புகுவோர் எவற்றைக் கருதிப் பார்க்க வேண்டும் என்பதையும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

என் மகள் அந்நாட்டின் வடமேற்கேயுள்ள மியூன்ஸ்டர் நகரில் கணவனோடும் இரண்டரை வயது மகனோடும் வாழ்கிறாள். அது சைக்கிளுக்கென்றே பிறந்த ஊர் எனலாம். மேடு பள்ளம் இல்லாத சமநிலம். பழைய கோட்டை மதில் இருந்த இடத்தில், நகரின் நடுப்பகுதியைச் சுற்றி ஏறத்தாழ 4.5 கிலோமீட்டர் நீளத்துக்கு, இருமருங்கும் லிண்டன் மரங்கள் நிழல் செய்யும் ஒரு பாதை ஓடுகிறது. மோட்டார் வண்டிகளுக்கு அதில் இடமில்லை. காலையில் அப்பாதையோரம் நின்றால், குழந்தைகளை வைத்து இழுத்துச் செல்லும் சைக்கிள்களை எண்ணி மாளாது.

பேரனை மழலையர் பள்ளியில் சேர்த்தார்கள். வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். கேரியரில் பொருத்தும் இருக்கையே போதும் என்றார் மாப்பிள்ளை. விலையும் குறைவு, இடமும் அடைக்காது. என் மகள் ஒப்பவில்லை. "அப்பாவைக் கேளுங்கள், அவருக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குத் தெரிந்த செய்தி இதுதான். 1992-ஆம் ஆண்டு அவளுக்கு நான்கு வயது. கோவிலுக்குச் சென்று மாலையில் திரும்பும்போது அவளைக் கேரியரில் அமர்த்தியிருந்தேன். களைப்பில் கண்ணயர்ந்தாள் போலும். தொங்கிய கால் பின்சக்கரத்துக்குள் போய்விட்டது. ஆரக்கம்பிகளுக்கும் சட்டத்துக்கும் இடையே குதிகால் நசுங்கித் தோல் பெயர்ந்து வந்தது. ஆறு வாரம் கட்டுப் போட்டோம். சக்கரத்துக்குக் கம்பி வலை போட வேண்டும் என்று அதற்கு முன் இரண்டு மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். சில ரூபாய்ச் செலவு. நாளை, நாளை என்று தள்ளிப்போட்டேன். அந்தத் தழும்பு இன்றும் அவள் குதிகாலில் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு அதை அன்றுதான் முழுவதும் சொன்னேன். மறுநாள் மூவருமாகக் கடைக்குப் புறப்பட்டோம்.

பின்னிருக்கையை நான் குறை கூறுவதாக நேயர்கள் கொள்ளவேண்டா. ஐரோப்பிய நியமப்படி செய்யப்பட்ட பின்னிருக்கையில் 9 கிலோ முதல் 22 கிலோ வரை எடையுள்ள குழந்தையை அமர்த்தலாம். கால்களை வைக்கக் குழிந்த இடமும், கட்டப் பட்டையும் உண்டு. அதில் உள்ள இடர்ப்பாடு வேறு. குழந்தையின் எடை உயரத்தில் நிற்கிறது. ஓட்டுபவர் சறுக்கினாலும், நிறுத்தி வைத்த வண்டி சாய்ந்தாலும், குழந்தை அந்த உயரத்திலிருந்து வண்டியோடு சேர்ந்து விழுகிறது. இழுவண்டியின் தலையாய நன்மை இங்கேதான் வெளிப்படுகிறது. அதற்கு இரண்டு சக்கரங்கள். குழந்தை அமர்வதோ நிலத்துக்கு மிக அருகில். நல்ல பூட்டு அமைந்திருந்தால், சைக்கிள் ஒருபுறம் விழுந்துவிட்டாலும் பின்னே வண்டி தன்போக்கில் நேராக நிற்கும்.

எனவே, இவ்வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது மெத்தையும் நிறமும் அல்ல; பூட்டுத்தான். நம் மாட்டு வண்டியின் ஏர்க்கால் போல இழுவண்டியிலும் ஒரு தண்டு முன்னே நீண்டிருக்கும். அதன் நுனி பெரும்பாலும் சைக்கிளின் பின்சக்கர அச்சில், சங்கிலி இல்லாத இடப்பக்கத்தில், ஒரு குமிழிலோ வளையும் இணைப்பிலோ மாட்டப்படுகிறது. அவ்விணைப்பு எல்லாப் பக்கமும் தாராளமாகத் திரும்ப வேண்டும். கடையில் சைக்கிளைப் படுக்க வைத்துப் பார்க்கச் சொன்னேன். கடைக்காரர் சிரித்தார், ஆனாலும் செய்து காட்டினார். இதனோடு சட்டத்தைச் சுற்றிக் கட்டும் பாதுகாப்பு வார் ஒன்றும் இருத்தல் வேண்டும். பூட்டு கழன்றாலும் வண்டி ஓடிப்போகாமல் அவ்வார் பிடித்து நிறுத்தும். சைக்கிள் அச்சுகள் இப்போது பலவகை. ஒன்றுக்குப் பொருந்தும் பூட்டு மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஆதலால் சைக்கிளையும் கடைக்குக் கொண்டு செல்லாமல் இழுவண்டி வாங்குவது, காலைக் காட்டாமல் செருப்பு வாங்குவதற்கு ஒப்பாகும்.

மாட்டு வண்டி ஓட்டியவர்கள் முன்பாரம், பின்பாரம் என்பதை நன்கறிவார்கள். பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலெழுந்து மாட்டின் கழுத்தை இழுக்கும்; முன்பாரம் மிகுந்தால் கழுத்தை அழுத்தும். இங்கும் அதே கணக்குத்தான். தண்டின் நுனி பூட்டின் மேல் சிறிதளவு அழுத்த வேண்டும். வழக்கமாக 3 முதல் 8 கிலோ வரை என்பர். பின்புறப் பையிலே பால் புட்டிகளையும் உருளைக்கிழங்கு மூட்டையையும் திணித்தால் நுனி மேலெழும்பிச் சைக்கிளின் பின்சக்கரத்தையே தூக்கப் பார்க்கும். பேரனோடு வார முழுமைக்குமான கடைச் சாமான்களையும் ஏற்றலாம் என்று மாப்பிள்ளை மனத்தில் போட்டிருந்த திட்டம் இந்த இடத்தில்தான் சுருங்கிற்று.

அடுத்தது பட்டை. இடுப்புக்கு இரண்டு, தோளுக்கு இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று என ஐந்து முனைப் பட்டை வேண்டும். வெறும் இடுப்புப் பட்டை போதாது. தூங்கும் குழந்தை அதிலிருந்து நழுவிவிடும். தலைக்கவசம் அணிந்த குழந்தையை அமர்த்திப் பார்ப்பதும் அவசியம். சாய்மானத்தில் கவசத்துக்கு இடம் விடாத வண்டிகளில் குழந்தையின் தலை முன்னே தள்ளப்பட்டு மோவாய் மார்பைத் தொடுகிறது. ஜெர்மனியில் தலைக்கவசத்தைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. ஆயினும் என் மகள் அதைச் சட்டத்துக்கு விடவில்லை. தரையும் பக்கங்களும் கையால் அழுத்திப் பார்க்கத் தக்கவை. குழந்தையின் கையோ காலோ எவ்வகையாலும் சக்கரத்தை எட்டக்கூடாது. இதை நான் இரண்டு முறை சோதித்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

முதலில் எனக்குப் பிடித்த வண்டி விலை மலிவானது. வில் இல்லை, துணியும் சட்டமும் உறுதியாகவே இருந்தன. மரப்பாதையின் சமதளத்துக்கு அது போதும். ஆனால் மியூன்ஸ்டரின் பழைய கடைவீதியில் தரை முழுவதும் கல் பாவியிருக்கிறார்கள். நம்மூர்க் கட்டை வண்டிக்கும் வில்வண்டிக்கும் உள்ள வேறுபாட்டை அங்கே உணரலாம். வில்லிலும் ஒரு நுட்பம் உண்டு. இரு குழந்தைகளின் பாரத்துக்கென அமைத்த கடினமான வில், ஒரு சிறு குழந்தைக்கு வளைந்தே கொடுக்காது. வில் இருந்தும் இல்லாதது போல்தான். எடைக்கேற்ப இளக்கவும் இறுக்கவும் கூடிய வில்லே சிறந்தது. அதற்கான கூடுதல் விலையை நான் கொடுத்தேன். பெரியவர்கள் பிடிவாதம் பிடித்தால் பணமும் அவர்களே தர வேண்டும் என்பது எங்கள் வீட்டு முறை.

ஓர் ஆள் வண்டியா, இரு ஆள் வண்டியா என்பதில் நெடுநேரம் சென்றது. இரு ஆள் வண்டி அகலமானது. ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் சைக்கிள்களை நிலவறையில் வைக்க வேண்டும். கதவின் அகலத்தைக் கயிற்றால் அளந்து, அதில் முடிச்சுப் போட்டு மகள் கொண்டுவந்திருந்தாள். பெரிய வண்டி அந்த முடிச்சைத் தாண்டியது. அத்துடன் அவ்விவாதம் முடிந்தது.

அந்நாட்டுச் சட்டம் இவ்வகையில் தெளிவானது. குழந்தைகளுக்கென அமைத்த இழுவண்டியில், ஏழு வயது நிறையாத குழந்தைகள் இருவர் வரை ஏற்றலாம். உடற்குறையுள்ள குழந்தைக்கு அந்த வயது வரம்பு இல்லை. ஓட்டுபவருக்கு 16 வயதேனும் ஆகியிருக்க வேண்டும். 2018 முதல் புழக்கத்துக்கு வந்த வண்டிகளில், 60 சென்டிமீட்டருக்கு மேல் அகலமானவற்றுக்குப் பின்னே இடப்பக்கம் சிவப்பு விளக்கும், முன்னும் பின்னும் ஒளியைத் திருப்பிக் காட்டும் வில்லைகளும் வேண்டும். இழுவண்டிகளுக்கென ஈ.என். 15918 என்னும் ஐரோப்பிய நியமம் ஒன்று உண்டு. அவ்வெண் பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குதல் நலம். நீண்ட கழியில் பறக்கும் சிறு கொடியை அலங்காரம் என்று கழற்றி வைப்பவர்கள் உண்டு. தாழ்வான வண்டி பிற வண்டிக்காரர் கண்ணில் படுவதற்கு அக்கொடியே துணை.

கைக்குழந்தையை எப்போது ஏற்றலாம் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஜெர்மனியில் வண்டிக்குள் தொட்டில் போன்ற படுக்கையைக் கட்டிச் சில மாதக் குழந்தைகளையே இழுத்துச் செல்கிறார்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைச் சைக்கிளில் கொண்டு செல்லவே கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் அறிவுரை. கழுத்து உறைக்காத பிள்ளையைக் குலுங்கும் வண்டியில் வைக்க என் மனம் இசையாது.

ஓட்டும் முறையைக் குறித்தும் சிறிது சொல்ல வேண்டும். தெருமுனையில் திரும்பும் மாட்டு வண்டியின் சக்கரம் உட்புறமாக வந்து மூலைக்கல்லில் இடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இழுவண்டியும் அவ்வாறே உள்வளைவாக வரும். சைக்கிள் சென்ற தடத்திலேயே அது வரும் என்று நம்பி ஓட்டினால் நடைமேடைக் கல்லில் ஏறிக் கவிழும். விழாத வண்டி என்று மேலே சொன்னது இந்தப் பிழைக்குப் பொருந்தாது. பெரும்பாலான இழுவண்டிகளுக்குத் தனி பிரேக் இல்லை. வண்டியும் குழந்தையுமாக ஏறத்தாழ 30 கிலோ பின்னிருந்து தள்ளும்போது நிறுத்துவதற்கு வேண்டிய தூரம் கூடுகிறது. மின்விசை உதவும் சைக்கிள்களில் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை எளிதாகப் போகலாம். 15 கிலோமீட்டரில் செல்வதைவிட அந்த வேகத்தில் மோதும் ஆற்றல் ஏறத்தாழ இரண்டேமுக்கால் மடங்கு. இது எட்டாம் வகுப்புக் கணக்கு.

நம் ஊரில் இதை வாங்கலாமா என்று கேட்டால், பேருந்தும் லாரியும் உரசிச் செல்லும் சாலையில் வேண்டா என்பதே என் விடை. அத்தகைய சாலையில் தாழ்வும் அகலமுமே இதற்குப் பகையாகிவிடும். மதில் சூழ்ந்த பல்கலைக்கழக வளாகம், ஆலைக் குடியிருப்பு போன்ற இடங்களில் வசிப்போர் எண்ணிப் பார்க்கலாம். மற்றவர்கள், இருக்கும் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு இருபுறமும் வலையோ தகடோ அடித்து, கால் வைக்க ஒரு படியும், இடுப்புக்கு ஒரு பட்டையும் வைத்துக்கொள்ளட்டும். மோட்டார் சைக்கிளில் பின்சக்கரத்தின் பாதியேனும் மறைக்கும் காப்பு இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. சைக்கிளுக்கு அதை நாமே செய்துகொள்ள வேண்டும். இந்த வாரமே செய்துகொள்ள வேண்டும்.

வண்டி வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பேரனை ஏற்றுவதற்கு முன், அவன் எடைக்கு ஏறக்குறைய ஈடாக ஓர் அரிசிப் பையை இருக்கையில் வைத்துப் பட்டையை மாட்டச் சொன்னேன். மகள் அதை இழுத்துக்கொண்டு கல் பாவிய வீதியில் ஒருமுறை போய் வந்தாள். நானும் மாப்பிள்ளையும் பின்னே நடந்தோம். பேரன் அவர் தோள்மேல் அமர்ந்து, தன் இடத்தில் அரிசி போவதைக் கண்டு அழுதுகொண்டே வந்தான். திரும்பியதும் மூடியைத் திறந்து பார்த்தோம். பை ஒருபுறமாகச் சரிந்திருந்தது. இடத்தோள் பட்டை தளர்ந்துவிட்டது. அதை இழுத்து இறுக்கி, மீண்டும் அரிசியையே அனுப்பினோம். இம்முறை வைத்தது வைத்தபடி வந்தது. அதன் பிறகுதான் மாப்பிள்ளை பேரனைத் தோளிலிருந்து இறக்கினார்.