மெதுவாகப் போகும் பஸ்

“விமானத்தில் போனால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் இறங்கிவிடலாம், ஆத்தே. ஆனால் அவ்வளவு கெதியாக அங்கே போய் இறங்க எனக்கு மனம் வரவில்லை. பஸ்ஸில் போவோமா?”

எங்கள் பயணம் இந்தக் கேள்வியோடுதான் தொடங்கியது. 2018 ஆம் ஆண்டு டிசெம்பர் 15 ஆம் திகதி இரவு, பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலாப் பெருநகரில், கூபாவோ என்னும் இடத்து பஸ் நிலையத்தில் நாங்கள் இருவரும் நின்றிருந்தோம்.

“ஆத்தே” என்றால் அவர்களுடைய மொழியில் அக்கா. நான் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவளும் நானும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் அல்லர். குவைத்தில் ஒரே வீட்டில் வேலை செய்தவர்கள்.

2009 இல் இறுதி யுத்தத்தின்போது என் கணவர் காணாமற் போனார். முகாமிலிருந்து வெளியே வந்தபின் இரண்டு பிள்ளைகளுக்கும் சாப்பாடு கொடுக்க வேறு வழி தெரியாமல், 2011 இல் அவர்களை மாமியிடம் விட்டுவிட்டு குவைத்துக்குப் போனேன். அந்த வீட்டில் சமையல் அவளுக்கு, துப்புரவும் பிள்ளை பராமரிப்பும் எனக்கு. இரவில் ஒரே சிறிய அறை. வீட்டுக்காரரிடம் கேட்டுப் பழகிய அரபும் அரைகுறை ஆங்கிலமுமே எங்கள் இருவருக்கும் பொதுமொழி.

அவளுடைய ஊர் லெய்தே தீவிலுள்ள தக்லோபான். 2013 நவம்பர் 8 ஆம் திகதி காலை ஹையான் என்ற பெரும் புயல் அந்த ஊரைத் தாக்கியது. அங்குள்ளவர்கள் அதை யோலண்டா என்பார்கள். காற்றைவிட, காற்று தள்ளிக்கொண்டு வந்த கடல்தான் ஊரை அழித்தது. சில இடங்களில் நீர் ஐந்து மீற்றருக்கும் மேலாக எழும்பியது. நாட்டில் 6,300 பேர் இறந்ததாகவும், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காணாமற் போனதாகவும் பின்னர் அரசாங்கம் கணக்குச் சொன்னது.

குவைத்தில் நாங்கள் தொலைக்காட்சியில் அதைப் பார்த்தோம். தொலைபேசி வேலை செய்யவில்லை. ஒன்பதாம் நாள் அவளுடைய தம்பி பேசினான். அம்மாவைக் காணவில்லை என்றான். அவளுடைய கடவுச்சீட்டு வீட்டுக்காரரிடம் இருந்தது. ஒப்பந்தம் முடியவில்லை என்று அவளைப் போகவிடவில்லை. அன்றிரவு அவள் அழவில்லை. மறுநாளைக்கு வேண்டிய கடலையை ஊறப்போட்டுவிட்டு வந்து, என் கட்டிலின் விளிம்பில் விடியும்வரை இருந்தாள். எனக்கும் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. 2004 சுனாமியில் என் அம்மாவும் அப்படித்தான் போனவ.

ஐந்து வருடங்களின் பின் எங்கள் சேமிப்புக் குழுக்களின் சார்பில் மணிலாவில் நடந்த ஒரு பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். அவள் அப்போது மணிலாவில் ஒரு தையற்கடையில் வேலை செய்துகொண்டிருந்தாள். நான் திரும்பும் திகதியை ஒன்பது நாட்கள் தள்ளிப்போட்டேன்.

எங்கள் பொதிகளைப் பார்த்திருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள். என்னுடையது மகளின் பழைய பாடசாலைப் பை. இரண்டு சுரிதார், ஒரு துவாய், ஒரு போர்வை, தலையிடி மாத்திரை. காசை மூன்று பங்காகப் பிரித்து மூன்று இடங்களில் வைத்தோம். கடவுச்சீட்டு உடுப்புக்குள். மற்றவர் தூக்கித்தர வேண்டிய பொதியோடு பயணம் போகக்கூடாது என்பது குவைத் விமான நிலையத்தில் நாங்கள் இருவரும் படித்த பாடம்.

பஸ் இரவு புறப்பட்டது. மணிலாவிலிருந்து தென்கிழக்கே லெகாஸ்பிவரை ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல். கட்டணம் ஒருவருக்கு ஆயிரம் பெசோவுக்குள். அப்போது ஒரு பெசோ நமது மூன்றரை ரூபா அளவில் இருந்தது. கொண்டக்டர் நீண்ட ரிக்கற்றில் துளைகள் போட்டுத் தந்தார். வழியில் பெண்கள் ஏறி அவித்த கடலையும், இலையில் சுற்றிய இனிப்புச் சோறும் விற்றார்கள். இறங்க வேண்டியவர்கள் “பாரா போ” என்று குரல் கொடுப்பார்கள். “போ” என்பது மரியாதைச் சொல். முன்பின் தெரியாத சாரதிக்கும் கிழவிக்கும் அந்தச் சொல்லைச் சேர்த்தே பேசுகிறார்கள். நிறுத்தச் சொல்பவர்கள் ஏன் “போ” என்கிறார்கள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. அதைச் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

விடியற்காலையில் லெகாஸ்பியில் இறங்கினோம். டிசெம்பர் 16 முதல் நத்தார்வரை ஒன்பது நாட்கள் அந்நாட்டில் விடியமுன் பூசை நடக்கும். தேவாலய வாசலில் ஒரு அம்மா மூங்கிற் குழாய்களில் மாவை அடைத்து ஆவியில் அவித்துக்கொண்டிருந்தார். குழாயைத் தட்டியதும் ஊதா நிறத்தில் நீளமாக விழுந்தது. மேலே தேங்காய்ப்பூவும் சீனியும். பெயர் என்னவென்று கேட்டேன். “புத்தோ பும்போங்” என்றார். எங்கள் வீட்டுக் குழல் புட்டை அந்நிய ஊரில், அதே பெயரின் சாயலோடு கண்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. மத்தியானம் சேம்பிலையைத் தேங்காய்ப்பாலில் மிளகாயோடு வற்றவைத்த கறி கிடைத்தது. அந்தப் பகுதியார் நம்மைப்போலவே தேங்காய்ப்பாலும் உறைப்பும் இல்லாமல் சாப்பிடமாட்டார்கள்.

ஊருக்குப் பின்னால் மயோன் எரிமலை நிற்கிறது. உயரம் 2,460 மீற்றருக்கும் மேல். 1814 இல் அது வெடித்தபோது கக்சாவா என்ற ஊர் புதையுண்டு, தேவாலயத்தின் மணிக்கோபுரம் மாத்திரம் எஞ்சியது. 2018 ஜனவரியிலும் மலை நெருப்புக் கக்கி, பல்லாயிரம் பேர் இடம்பெயர்ந்திருந்தார்கள். நாங்கள் போனபோது அடிவாரத்து வயல்களில் பெண்கள் குனிந்து நின்று வேலை செய்தார்கள். “இவர்களுக்குப் பயம் இல்லையா?” என்று கேட்டேன். “பயம் இருக்கும், ஆத்தே. வயலும் இருக்குத்தானே,” என்றாள்.

மறுநாள் இன்னொரு பஸ்ஸில் மட்னோக் துறைமுகம். லூசோன் தீவு அங்கே முடிகிறது. அதற்கப்பால் கடல். ஆனாலும் பஸ் நிற்பதில்லை. மணிலாவிலிருந்து தூர இடங்களுக்குப் போகும் பஸ்கள் அப்படியே கப்பலுக்குள் ஏறிவிடுகின்றன. ஆட்கள் இறங்கி, சிறு கட்டணம் கட்டி, நடந்து ஏற வேண்டும். காற்று பலமாக இருந்தால் கரையோரக் காவற்படை கப்பலை விடாது. எங்களுக்கு நான்கு மணித்தியாலம் தாமதம். நெருக்கி அடுக்கிய வாங்கில்களில் குழந்தைகளும் கோழிகளும் நத்தார்ப் பரிசுப் பெட்டிகளும். வெளிநாட்டில் உழைத்துவிட்டு வரும் பெண்கள் பலர் அதில் இருந்தார்கள்.

அவர்களோடு பேசியதில் குவைத் கதையும் வந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணின் உடல் குவைத்தில் குளிர்ப்பெட்டிக்குள் கண்டெடுக்கப்பட்டதை அடுத்து, அந்நாட்டு அரசு பெண்களை அங்கு அனுப்புவதை நிறுத்தியது. மே மாதத்தில் இரு நாடுகளும் உடன்படிக்கை செய்தன. வேலைக்காரப் பெண் தன் கைத்தொலைபேசியைத் தானே வைத்திருக்கலாம் என்பதும், கடவுச்சீட்டு வீட்டுக்காரரிடம் இருக்கக்கூடாது என்பதும் அதில் எழுதப்பட்டன. “ஐந்து வருடம் முந்தி எழுதியிருந்தால் நான் அம்மாவைத் தேடியிருப்பேன்,” என்றாள் தங்கச்சி. அதன்பின் கப்பல் கரைசேரும்வரை பேசவில்லை.

சமார் தீவை தென்னந்தோப்புகளின் ஊடே கடந்தோம். வழியில் ஓரிரவு தங்கி, அடுத்த நாள் பின்நேரம் சான் ஹுவானிக்கோ பாலத்துக்கு வந்தோம். சமாரையும் லெய்தேயையும் இணைக்கும் இந்தப் பாலம் 1973 இல் திறக்கப்பட்டது. 2 கிலோமீற்றருக்குச் சற்று மேல் நீளம். 2022 வரை அந்நாட்டில் கடலுக்கு மேலான பாலங்களில் அதுவே நீளமானது. கீழே சின்னச் சின்னத் தீவுகள். மற்றவர்கள் யன்னலால் படம் எடுத்தார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை வியர்த்திருந்தது.

ஊருக்கு இரண்டு முறை வந்திருக்கிறாள். தம்பி வீட்டில் இருந்துவிட்டுப் போயிருக்கிறாள். ஆனால் அம்மாவைப் புதைத்திருக்கக்கூடிய பஸ்பர் மயானத்துக்கு ஒருநாளும் போனதில்லை.

தம்பி வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது ஒரு விடயம் சொன்னான். புயலுக்கு முன் வானொலியில் எச்சரிக்கை சொன்னார்களாம். ஆனால் ஆங்கிலத்தில் ‘ஸ்டோர்ம் சேர்ஜ்’ என்றார்களாம். “அது என்னவென்று எங்களுக்குத் தெரியாது. சுனாமி போலக் கடல் வரும் என்று சொல்லியிருந்தால் அம்மாவைத் தூக்கிக்கொண்டாவது ஓடியிருப்பேன்.” 2004 இல் எங்களுக்கு சுனாமி என்ற சொல்லே தெரியாது. சகோதரிகளே, எச்சரிக்கை வரும்போது விளங்காத சொல் இருந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள். கூட்டங்களுக்கு வரும் அதிகாரிகளிடம் வீட்டுத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.

19 ஆம் திகதி காலை மயானத்துக்குப் போனோம். புல்வெளி முழுவதும் வெள்ளைச் சிலுவைகள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள் அங்கே உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை யாருடையவை என்று அடையாளம் காணப்படவில்லை. ஆகவே உறவினர்கள் வந்து ஏதோவொரு சிலுவையைத் தெரிந்தெடுத்து, தங்கள் ஆட்களின் பெயரை அதில் எழுதுகிறார்கள். அதற்குக் கீழே கிடப்பது யாரென்று யாருக்கும் தெரியாது.

அவள் வெகுநேரம் வரிசைகளுக்கிடையே நடந்தாள். கடைசியில் ஒரு மரத்துக்குக் கிட்ட, எழுத்தில்லாத ஒன்றுக்கு முன்னால் நின்றாள். “அம்மாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது,” என்றாள். பையிலிருந்து கறுப்பு மையும் தூரிகையும் எடுத்தாள். மணிலாவிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாள், எனக்குச் சொல்லவில்லை. பெயரை எழுதி முடித்த பிறகுதான் அழுதாள். குவைத்தில் அழாத அழுகை.

பின் தூரிகையை என்னிடம் நீட்டினாள். “நீங்களும் எழுதுங்கோ. அம்மாவின் பெயர், அவரின் பெயர்.”

நான் தலையாட்டினேன். “அவரின் பெயரை எழுத மாட்டேன். அவர் எங்கே என்று எனக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலை நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். அம்மாவைப் புதைத்த இடம் எனக்குத் தெரியும். நான் அங்கே போவதில்லை, அவ்வளவுதான்.”

“ஏன்?”

“தனியே போக ஏலாது.”

“நானும் தனியே வரவில்லையே, ஆத்தே.”

நான் 23 ஆம் திகதி வீடு வந்தேன். 26 ஆம் திகதி காலை பக்கத்து வீட்டு அக்காவிடம் போய், முல்லைத்தீவுக்கு என்னோடு வருவீர்களா என்று கேட்டேன். அவவின் இளைய மகனும் அதே சுனாமியில்தான் போனவன். அவவும் அத்தனை வருடம் போனதில்லை என்பதை அன்றுதான் அறிந்தேன். சீலையை மாற்றிக்கொண்டு உடனே வெளிக்கிட்டா. பதினான்கு வருடங்களின் பின் அம்மாவுக்கு ஒரு விளக்கு வைத்தேன்.

போகும்போது பஸ் எல்லாத் தரிப்பிடத்திலும் நின்று நின்று போனது. அது எங்களுக்கு வசதியாக இருந்தது. இருவருக்கும் பேச நிறைய இருந்தது.