கம்பளி நூலுக்கு இயற்கைச் சாயம்: மிராசுதார்கள் கவனிக்க வேண்டிய விஷயங்கள்

நெல்லையே முதற்பயிராகக் கொண்ட திருவாரூர்ச் சீமையில் கம்பளியைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். நம் வயல்களில் அறுவடைக்குப் பின் கிடை மறிப்பதற்காகக் கீதாரிகள் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கங்களிலிருந்து ஓட்டிவரும் செம்மறிகள் குறுமயிர் வகையைச் சேர்ந்தவை. அவற்றால் நமக்குக் கிடைப்பது எருவேயன்றிக் கம்பளியன்று. தமிழ்நாட்டில் கம்பளி தருபவற்றுள், முரட்டு மயிர் கொண்ட கோயம்புத்தூர்க் குறும்பை ஆடுகளும், மெல்லிய மயிர் கொண்ட நீலகிரி ஆடுகளும் முக்கியமானவை. நீலகிரி இனத்தைச் சாண்டிநல்லாவிலுள்ள அரசாங்க ஆராய்ச்சி நிலையம் பேணிவருகிறது.

ஆயினும் கம்பளிக்கு ஏற்றும் நிறத்தில் நம் நிலத்துக்கும் பங்குண்டு. நெசவுக் கலை பயிலும் மாணவர்கள் இக்காலத்தில் இலை, பூ, வேர், பட்டை ஆகியவற்றின் சாயத்தைக் கம்பளி நூலில் ஏற்றி, அந்நூலால் பின்னலாடை அமைத்துப் பரீட்சை செய்கிறார்கள். இத்தகைய செய்திகளைக் கேட்டதும், சாயப்பயிரை ஏக்கர் கணக்கில் போட்டால் பெருலாபம் கிட்டும் என்ற எண்ணம் எழுவது இயல்பு. அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரியானது என்பதை, அப்பரீட்சைகளின் முறையை அறிந்தவரே நிதானிக்க முடியும். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னாளைய நிலைமை

காவிரிக் கரையோரத்தில் சாயத்தொழில் மிகப் பழமையானது. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தார் உடுத்த கோடாலிக்கறுப்பூர்ச் சேலைகள் பெயர் பெற்றவை. கோயில் தேர்களுக்கும் மண்டபங்களுக்கும் தொங்கவிடும் தொம்பைகளையும் விதானச் சீலைகளையும் எழுதும் கலை, கும்பகோணத்தை அடுத்த சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்றும் உள்ளது. கறுப்பூர்க் கலம்காரி ஓவியம் 2021-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. இச்சீலைகளின் சிவப்புக்குச் சோழமண்டலக் கரையின் மணற்பாங்கான நிலங்களில் வளரும் சாயவேரும், நீலத்துக்கு அவுரியும் ஆதாரமாயிருந்தன.

சாயவேரின் சிவப்புக்குக் காரணமான அலிசரின் என்னும் பொருளை 1868-ஆம் ஆண்டில் ஜெர்மானிய இரசாயன நிபுணர்கள் செயற்கையாகச் செய்து காட்டினர். 1897-ஆம் ஆண்டில் செயற்கை நீலமும் கடைக்கு வந்தது. அதன்பின் இந்தியாவில் அவுரி பயிராகும் நிலம் விரைவாகச் சுருங்கியது. சென்னை மாகாணத்தில் அவுரிக்குப் பெயர் போன தென்னார்க்காடு ஜில்லாவிலும் தொழில் நலிந்தது. ஒரே விலைப்பொருளை நம்பி நிலம் முழுவதையும் ஒதுக்கியவர்கள் அப்போது அடைந்த நஷ்டத்தை நாம் மறக்கலாகாது.

ஈழத்தில் தொடங்கிய ஒரு பரீட்சை

செயற்கைச் சாயம் உலகெங்கும் பரவிய பின்னரும், பழைய முறைகளைக் கைவிடாமல் ஆராய்ந்தவர் சிலர் இருந்தனர். அவர்களுள் எதெல் மைரே என்னும் ஆங்கிலப் பெண்மணியின் வரலாறு தமிழர்களுக்குச் சற்றே அண்மையது. கொழும்பில் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமியை இவர் 1902-ஆம் ஆண்டில் மணந்து, இலங்கையில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். அங்கு கிராமக் கைத்தொழில்களையும் நெசவையும் நேரில் கண்டு குறிப்பெடுத்தார். பின்னர் இங்கிலாந்து திரும்பி, டிட்ச்லிங் என்னும் கிராமத்தில் நெசவுச்சாலை அமைத்து, கையால் நூற்ற கம்பளியைத் தாவரச் சாயங்களில் தோய்த்து நெய்தார். தாவரச் சாயங்களைப் பற்றிய இவரது நூல் 1916-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மாணவர்கள் பலர் அவரிடம் தங்கித் தொழில் கற்றனர்.

இவ்வம்மையாரின் வழியில் நாம் கவனிக்கத்தக்கது ஒன்று. சாயம் என்பது ஏதோ இரகசிய மருந்து என்று எண்ணாமல், நூல் இவ்வளவு, சாயப்பொருள் இவ்வளவு, கொதிநேரம் இவ்வளவு என்று அளவோடு எழுதிவைத்ததே அது. இன்றைய மாணவர்களின் பரீட்சையும் அவ்வழியிலேயே நடைபெறுகிறது.

கம்பளியின் தன்மை

பருத்தி தாவர நார். கம்பளி நம் தலைமயிரைப் போலப் புரதத்தாலானது. தாவரச் சாயங்களுட் பல பருத்தியில் எளிதில் பற்றா. ஆகவே பருத்தியை முதலில் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்து, பிறகு படிகார நீரில் தோய்ப்பது வழக்கம். கம்பளிக்குக் கடுக்காய் இன்றியமையாததன்று. படிகாரம் ஒன்றே பெரும்பாலும் போதும். நாரையும் சாயத்தையும் பிணைக்கும் இத்தகைய பொருளுக்கு நிறமூன்றி என்று பெயர்.

கம்பளிக்குச் சில பகைகளும் உண்டு. திடீரென்று சூடும் குளிர்ச்சியும் மாறி மாறிப் பட்டாலும், ஈரமாயிருக்கையில் கசக்கினாலும் அது சுருங்கிக் கெட்டியாகிவிடும். சுண்ணாம்பு, சலவைச்சோடா போன்ற கடுங்காரங்கள் அதை அரித்துவிடும். பருத்தியைச் சாயமிட்டுப் பழகிய கைகள் கம்பளியைத் தொடும்போது இவற்றை நினைவில் வைக்க வேண்டும்.

பரீட்சை செய்யும் முறை

முதலில் 100 கிராம் நூலைச் சிட்டமாகக் கட்டி, இளஞ்சூடான சோப்பு நீரில் கசக்காமல் அலசி எண்ணெய்ப் பசையைப் போக்க வேண்டும். பின்னர் 15 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, நூல் தாராளமாக மூழ்கும் அளவு நீர் சேர்த்து, நூலை இட்டு மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். நீர் தளதளவென்று கொதிக்காமல், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே ஒரு மணி நேரம் இருக்கவேண்டும். பிறகு பாத்திரத்திலேயே ஆறவிடுவது நலம்.

சாயப்பொருளைத் தனியே கொதிக்கவைத்து வடிகட்டிக்கொள்ள வேண்டும். உலர்ந்த செண்டுமல்லிப் பூவானால் 100 கிராம் நூலுக்கு 50 முதல் 100 கிராம் வரை போதும். அச்சாற்றில் படிகாரமேற்றிய நூலை முன்போலவே ஒரு மணி நேரம் வைத்தால் நல்ல மஞ்சள் நிறம் ஏறும். முடிவில் 2 கிராம் அன்னபேதியைக் கரைத்துச் சேர்த்தால் அதே மஞ்சள் பச்சை கலந்த பழுப்பாக மாறும். அன்னபேதி மிகுந்தால் நூல் முரடாகி இற்றுப்போகும். இவ்வாறே வெங்காயத் தோல், மாதுளைத் தோல், கருவேலம்பட்டை, நுணாவேர், மஞ்சிட்டி முதலியவற்றையும் சோதிக்கலாம். ஒவ்வொரு சிட்டத்திலும் சீட்டுக் கட்டி, பொருள், எடை, நேரம், தண்ணீர் எடுத்த இடம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். ஆற்று நீரும் உப்புக் கரிக்கும் கிணற்று நீரும் ஒரே பூவிலிருந்து வெவ்வேறு நிறங்களைத் தரக்கூடும்.

அவுரி நீலத்தின் வழி வேறு. நீலக்கட்டி தண்ணீரில் கரையாது. அதைச் சாயத்தாழியில் புளிக்கவைத்துக் கரையும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். தென்னாட்டில் இதற்குத் தகரை விதையை வேகவைத்துச் சுண்ணாம்புடன் சேர்ப்பது பழைய வழக்கம். தாழியிலிருந்து எடுக்கும்போது நூல் மஞ்சட்பச்சையாயிருந்து, காற்றுப் பட்டவுடன் நீலமாகும். இதற்கு நிறமூன்றி வேண்டுவதில்லை. கம்பளிக்காக வைக்கும் தாழியில் சுண்ணாம்பை மட்டாகவே சேர்க்க வேண்டும்.

நிறம் நிற்குமா?

பார்வைக்கு அழகாயிருப்பதெல்லாம் விலைக்கு ஏற்றதன்று. விரலி மஞ்சள் கண்ணைப் பறிக்கும் நிறத்தைத் தந்தபோதிலும் வெயிலில் விரைவில் வெளுத்துவிடும். அவுரியும் மஞ்சிட்டியும் முறையாக ஏற்றினால் நெடுநாள் நிற்கும். இதை அறிய எளிய வழி உண்டு. சாயமிட்ட நூலை ஓர் அட்டையில் சுற்றி, பாதியை மறைத்துக் கட்டி, இரண்டு வாரம் வெயிலில் வைத்துப் பின் இரு பாதிகளையும் ஒப்பிடலாம். மற்றொரு துண்டை வெள்ளைத் துணியில் தேய்த்தும், சோப்பு நீரில் அலசியும் பார்க்கலாம். பரிசோதனைச் சாலைகளில் ஒளியைத் தாங்கும் திறனை அளக்க, 1 முதல் 8 வரை எண்ணிட்ட நீலக் கம்பளித் துண்டுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். வாங்குவோர் கேட்பது இந்த எண்ணையே. மாதிரித் துணியின் பளபளப்பை அல்ல.

பின்னலாடையும் நிலக்கணக்கும்

தாவரச் சாயத்தில் ஒரு தாழிக்கும் மறுதாழிக்கும் நிறம் சிறிது வேறுபடும். ஆகையால் ஓர் ஆடைக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே தடவையில் தோய்ப்பார்கள். இயலாவிடில் இரு தாழிகளின் நூலையும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் பின்னுவார்கள். அப்போது வேறுபாடு குற்றமாகத் தோன்றாமல் கோலமாக அமையும். மாணவர்கள் பழகும் வடிவமைப்பில் இஃது ஒரு முக்கியமான பாடம்.

இனி, நிலமுடையோருக்கு வேண்டிய கணக்கைப் பார்ப்போம். பெரியவர் ஒருவருக்கான கம்பளிச் சட்டைக்கு ஏறத்தாழ 500 கிராம் நூல் பிடிக்கும். அதற்கு நடுத்தர நீலம் ஏற்ற, நூலின் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு என்று தாராளமாக வைத்தாலும் 25 கிராம் நீலமே செல்லும். ஆகவே ஒரு கிலோ நீலத்தில் 40 சட்டைகளுக்குச் சாயமிடலாம். கையால் பின்னுவோர் சிலர் கூடிய ஒரு சிறு தொழிற்சாலை ஆண்டு முழுவதும் உழைத்தாலும் சில கிலோ நீலத்துக்கு மேல் கேட்காது. இத்தேவைக்காக நஞ்சையை மாற்றிப் பயிரிடுவது எவ்விதத்திலும் புத்திசாலித்தனமாகாது. வாங்குபவருக்கு வேண்டியது ஆண்டுதோறும் ஒரே தரமாகவுள்ள சிறிதளவு சரக்கு. அதைத் தருபவருக்கே நல்ல விலை கிடைக்கும்.

அவுரி பயிரிடுதல்

சம்பா அறுவடையையொட்டி ஈரம் காயாத வயலில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிப்பது நம் வழக்கம். அந்த இடத்தை அவுரிக்குக் கொடுக்க வேண்டுவதில்லை. நீர் தேங்கினால் அவுரி அழுகும். மேட்டுக்கொல்லை, திடல், ஆற்றுப்படுகை ஆகியவற்றில் சில சென்ட் நிலமே முதற்பரீட்சைக்குப் போதும். விதையின் தோல் கடினமானதால், மணலுடன் தேய்த்து விதைத்தால் முளைப்பு நன்றாயிருக்கும். விதை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கங்களில் மருந்துக்காக விளையும் நிலாவாரையையும் அவுரி என்றே வழங்குகிறார்கள். அதில் நீலம் கிடையாது.

மூன்று நான்கு மாதங்களில் பூக்கத் தொடங்கும் சமயத்தில் அடித்தூர் விட்டு அறுத்தால் மறுபடியும் தழைக்கும். அறுத்த தழையை அன்றே நீரில் ஊறப்போட வேண்டும். பத்து முதல் பதினாறு மணி நேரம் ஊறிய பின் தழையை அகற்றி, நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்த்து, காற்றுப்படும்படி நன்றாகக் கடைந்தால் நீலம் திரிந்து அடியில் படியும். அதை வடித்து, காய்ச்சி, பிழிந்து நிழலில் உலர்த்துவார்கள். 100 கிலோ தழையிலிருந்து கிடைப்பது ஒரு கிலோவுக்கும் மிகவும் குறைவே. ஆனால் எஞ்சிய சக்கை வீணாவதில்லை. அது வயலுக்கு நல்ல தழையெரு. அவுரி பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்ததால் வேர்முடிச்சுகளின் மூலம் மண்ணுக்கும் தழைச்சத்து சேரும். நீலம் விலைபோகாத ஆண்டிலும் நெல்லுக்கு உரமாகும் என்பதே மற்றச் சாயப்பயிர்களைவிட அவுரிக்குள்ள மேன்மை.

சாயத்தண்ணீரும் வாய்க்காலும்

கிராம உத்தியோகஸ்தர்கள் விசேஷமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் கழிவுநீர். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யலில் கலந்து, 1992-ஆம் ஆண்டில் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்ப்பக்கத்து நிலங்களைப் பாழாக்கியது. கரூர்ப் பக்கத்தில் நொய்யல் நம் காவிரியிலேயே கலக்கிறது. ஆயக்கட்டுக் குடியானவர்கள் சங்கமாகச் சேர்ந்து வழக்காடினர். 2009-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவை வெளியேற்றாத ஏற்பாடு செய்யும் வரையில் பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது.

இயற்கைச் சாயம் என்ற பெயரினாலேயே அதன் கழிவு தீங்கற்றதாகிவிடாது. தழையூறிய நீரை எருக்குழியில் விடலாம். ஆனால் படிகாரம், அன்னபேதி கலந்த நீரை வாய்க்காலிலோ குளத்திலோ விடலாகாது. மயில்துத்தத்தையும் குரோமிய உப்பையும் அறவே விலக்குதல் வேண்டும். படிகார நீரைக் கொட்டிவிடாமல் குறைந்ததை ஈடுசெய்து மீண்டும் மீண்டும் உபயோகிப்பது செலவையும் குறைக்கும், கழிவையும் குறைக்கும்.

செய்ய வேண்டியது

அவுரி போட விரும்பும் மிராசுதார்கள் முதலாண்டில் சில சென்ட் நிலத்தோடு நிறுத்திக்கொள்வார்களாக. மண்ணின் தகுதியை நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்துக்கொள்ளலாம். விளைந்த நீலத்தைக் கம்பளியிலும் பருத்தியிலும் தோய்த்து, வெயிலிலும் சோப்பிலும் சோதித்து, சீட்டுக் கட்டிய மாதிரிகளோடு வாங்குவோரை அணுக வேண்டும். எவ்வளவு வேண்டும், எந்நாளில் வேண்டும், என்ன விலை என்பதை எழுத்தில் பெற்ற பின்னரே மறுவருஷம் நிலத்தை விரிக்கலாம். அதுவரையில் நஞ்சை நெல்லுக்கும், அறுவடைக்குப் பிந்திய ஈரம் பயறுக்கும், மேட்டு மூலை அவுரிக்கும் இருப்பதே தக்கது.