நாலு சக்கர இழுவை வண்டி வைத்திருப்போர் கவனத்திற்கு

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வணிகர்களில் ஜீப் வகைப் பெரிய கார் வைத்திருப்போர் உண்டு. அவற்றில் பல ஆட்டோமேட்டிக் கியர் கொண்டவை. சிலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் இழுவை தரும் ஃபோர் வீல் டிரைவும் உண்டு. மஹிந்திரா தார் வண்டியில் 2020 முதல் இரண்டும் சேர்ந்தே கிடைக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் கண்ட நமக்கு இவற்றின்மேல் ஆசை வருவது இயல்பே. ஆனால் இவற்றை ஓட்டும் முறை வேறு.

முதலில் கியர். 'டி'யில் இருக்கும்போது பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தானாக நகரும். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் டிரெய்லருக்குப் பின்னால் நிற்கையில் செல்போன் மணி அடிக்கிறது. கவனம் அங்கே போகிறது, கால் தளர்கிறது. மற்றதை நாம் சொல்ல வேண்டியதில்லை. நெடுநேரம் நிற்பதானால் 'என்' போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்துவிடுங்கள். இரண்டு பெடலுக்கும் வலது கால் மட்டுமே. வண்டி முழுவதும் நின்ற பிறகே 'டி'யிலிருந்து 'ஆர்'க்கு மாற்ற வேண்டும்.

'பி' என்பது ஹேண்ட் பிரேக்குக்கு மாற்று அல்ல. கியர்பாக்ஸுக்குள் ஒரு சிறு கொக்கிதான் வண்டியைப் பிடித்து நிற்கிறது. செங்குன்றத்திலிருந்து ஏற்றி வந்த அரிசி மூட்டைகளின் பாரம் முழுவதும் அதன்மேல் விழக்கூடாது. (சொந்த உபயோகக் காரில் சரக்கு ஏற்றலாமா என்பது வேறு விஷயம்!) கால் பிரேக்கை மிதித்தபடியே 'என்' போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, காலைத் தளர்த்தி வண்டி அசையாமல் நிற்கிறதா என்று பார்த்து, மறுபடி மிதித்து 'பி' போடுங்கள்.

அடுத்து நாலு சக்கர இழுவை. தார் போன்ற வண்டிகளில் அதைப் போட்டதும் முன், பின் அச்சுகள் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டப்படுகின்றன. வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும். மணலிலும் சேற்றிலும் டயர் சற்று வழுக்கி அதைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த ரோட்டில் வழுக்க இடமில்லை. ஸ்டீயரிங் இறுகும், டயர் தேயும், கியர் பகுதிகள் பழுதாகும். ஆகவே ரோட்டில் '2 ஹை'; தாழங்குப்பம் கடற்கரை மணல் போன்ற இடங்களில் '4 ஹை'; சக்கரம் புதைந்தால், வண்டியை நிறுத்தி 'என்' போட்டு '4 லோ'. இன்னொன்று, நாலு சக்கர இழுவை பிரேக்குக்கு உதவாது. எல்லாக் கார்களுக்கும் பிரேக் நாலு சக்கரத்தில்தான். மிக்ஜாம் சமயத்தில் எண்ணூர்ப் பக்கம் வந்ததுபோல் எண்ணெய் கலந்த நீர் ரோட்டில் கிடந்தால் இந்த வண்டியும் வழுக்கத்தான் செய்யும்.

வெள்ளத்தில் தார் வண்டிக்குக் கம்பெனி சொல்லும் ஆழம் 650 மில்லிமீட்டர். அசையாத நீருக்கே அந்தக் கணக்கு. எதிரே ஒரு டிரெய்லர் வந்தால் அலை அதற்கு மேலே எழும். மூடி திறந்த பாதாளச் சாக்கடைக்கும் எந்தக் கணக்கும் கிடையாது. ஆழம் தெரியாத நீரில் இறங்க வேண்டாம். இறங்கியே தீர வேண்டுமானால் குறைந்த கியரில், சீராக, நிற்காமல் செல்லுங்கள். வெளியே வந்ததும் பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாக மிதித்து உலர்த்துங்கள். கியர், ஆக்சில் ஆயில்களை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உடனே மாற்ற வேண்டும்.

நடுநீரில் என்ஜின் நின்றுவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. உள்ளே நீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இந்தச் சேதத்தைச் சாதாரண இன்சூரன்ஸ் பாலிசி ஏற்பதில்லை. என்ஜின் பாதுகாப்புக்குத் தனி பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். பாலிசியை எடுத்து ஒரு முறை பாருங்கள். வண்டியைக் கயிறு கட்டி இழுக்கவும் வேண்டாம். ஆட்டோமேட்டிக் கியர் அதனால் கெட்டுவிடும். நான்கு சக்கரங்களும் தரையில் படாதபடி தட்டையான ரெக்கவரி லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.