பழைய புல்லட் வாங்கும் முன் என்ஜினைப் பாருங்கள்

பழைய புல்லட்டுக்கு இப்போது நல்ல கிராக்கி. கவரைப்பேட்டையில் சரக்கெடுக்க ஒன்று வாங்கலாம் என நினைக்கும் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும்.

1955இல் தொடங்கிய என்பீல்டு இந்தியா, நமக்குத் தெற்கே திருவொற்றியூரில் இவ்வண்டியைச் செய்தது. பல்லாண்டுகள் வடிவம் பெரிதாக மாறவில்லை. அதனால் ஒரு வண்டியின் பாகம் இன்னொன்றில் உட்கார்ந்துவிடும். மிளகில் பப்பாளி விதை கலந்தால் நம் கண்ணுக்குத் தப்பாது, இது தப்பிவிடும்.

ஆர்.சி. புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ஜின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். எண் உள்ள இடத்தில் மட்டும் அரம் போட்ட தடம் இருந்தால் பேரத்தை நிறுத்துங்கள்.

கிராங்க் கேஸின் இரு பாதிகளும் ஜோடியாகக் கடையப்பட்டவை. வேறு வண்டியின் பாதியைச் சேர்த்தால் பேரிங் நேர்கோட்டில் நிற்காது, சீக்கிரம் போய்விடும். சிலிண்டர் உட்காரும் முகத்தில் படி விழும். அங்கே எண்ணெய் கசியும். இரு பக்க உலோகமும் வேறு வேறு நிறமாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

350க்குப் பிஸ்டன் விட்டம் 70 மி.மீ., 500க்கு 84. ஸ்ட்ரோக் இரண்டுக்கும் 90தான். பிளக் துளையில் கம்பி விட்டு அளந்து பயனில்லை. ஹெட்டைக் கழற்ற வேண்டும். விற்பவர் மறுத்தால், உள்ளே இருப்பது தெரியாத சரக்கு என்றே விலை பேசுங்கள்.

என்ஜின் மாற்றியதே குற்றமாகாது. ஆனால் 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி மாற்றத்தை 14 நாட்களில் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும். பதியாத வண்டியானால் முன்பணம் கொடுக்காதீர்கள். விற்பவரே தம் பெயரில் பதிந்து தரட்டும்.