வந்து வந்து போகும் வாகனக் கோளாறு: கராஜில் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?

வருமான வரி பற்றிய சென்ற நிகழ்ச்சி முடிந்த பின்னர் தொலைபேசியில் வந்த கேள்விகளில் பாதி வரியைப் பற்றியவை அல்ல. “அண்ணை, கார் இடைக்கிடை நிண்டு போகுது. வாங்கின இடத்துக்குக் கொண்டு போனால் ஒரு பிழையும் இல்லை எண்டு திருப்பி அனுப்புறாங்கள். என்ன செய்யலாம்?” என்று மூன்று பேர் கேட்டார்கள். நான் வாகனம் திருத்துபவன் அல்ல, கணக்காளன். ஆனாலும் இந்தத் தொல்லையை என் வீட்டிலேயே கண்டவன் என்பதால் இந்த மாதம் இதையே எடுத்துக்கொள்கிறேன்.

முற்றாகப் பழுதான வாகனத்தைத் திருத்துவது சுலபம். வந்து வந்து போகும் கோளாறு அப்படியல்ல. வைத்தியரின் வாசலை மிதித்ததும் நின்றுவிடும் பல்வலி மாதிரி, கராஜுக்குள் போனதும் கார் நல்ல பிள்ளையாகிவிடும். இதற்குக் காரணம் உண்டு. இப்படியான கோளாறுகள் பெரும்பாலும் சூடு, ஈரம், அதிர்வு ஆகிய மூன்றில் ஒன்றோடு சேர்ந்தே வருபவை. தளர்ந்த மின் இணைப்பு, கறள் பிடித்த எர்த் கம்பி, சூடேறினால் செயலிழக்கும் சென்சர், உள்ளே வெடிப்பு விழுந்த ரிலே என்பவை வழக்கமான குற்றவாளிகள். குளிர்ந்த எஞ்சினைக் கராஜில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால் இவை அகப்படமாட்டா.

எங்கள் வீட்டுச் சிறிய காரை 2018 இல் புதிதாக வாங்கினோம். இரண்டாவது கோடையில் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே நிற்கத் தொடங்கியது. என் மனைவி இரவு வேலைக்கு எம்4 நெடுஞ்சாலையில் போய் வருபவர். லொறிகள் பறக்கும் பாதையில் கார் நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வாங்கிய முகவர் நிலையத்துக்கு மூன்று முறை கொண்டுபோனோம். முதல்முறை “கோளாறு காணப்படவில்லை” என்றார்கள். இரண்டாம் முறை பற்றறியை மாற்றினார்கள். மூன்றாம் முறை “நல்ல பெற்றோல் அடியுங்கள்” என்று புத்தி சொன்னார்கள்.

அதன்பின் காருக்குள் ஒரு கொப்பியும் பேனாவும் வைத்தோம். ஒவ்வொரு முறை நின்றபோதும் எழுதினோம். ஒன்பது பதிவுகள் சேர்ந்தபோது விடயம் வெளித்தது. ஒன்பதும் அரை மணிக்கு மேல் ஓடி, எஞ்சினை நிறுத்தி, பத்து நிமிடத்துக்குள் மீண்டும் இயக்கிய பின்னர் நடந்தவை. அந்தக் கொப்பியின் பிரதியோடு நாலாம் முறை போய், மெக்கானிக் ஒருவரையே கூட வந்து ஓட்டச் சொன்னோம். சூடாக ஓட்டி, நிறுத்தி, மீண்டும் இயக்கியதும் கார் நின்றது. திரும்ப இயக்க முயன்றபோது எஞ்சின் சுற்றியது, ஆனால் ஸ்கானர் கருவி சுழற்சி வேகத்தைப் பூச்சியம் என்று காட்டியது. அதாவது கிராங்க் சென்சர் சமிக்ஞை அனுப்பவில்லை. எஞ்சின் சுழல்வதை அந்தச் சென்சர்தான் கம்பியூட்டருக்குச் சொல்கிறது. சமிக்ஞை நின்றால் கம்பியூட்டர் பெற்றோலையும் தீப்பொறியையும் நிறுத்திவிடும். சூடு ஆறினால் எல்லாம் சரியாகும். சென்சரை உத்தரவாதத்தின் கீழ் மாற்றினார்கள். அதோடு தொல்லை ஒழிந்தது.

ஆகவே நேயர்களே, எழுதி வையுங்கள். எழுத வேண்டியவை இவை:

1. திகதி, நேரம், கிலோமீற்றர் அளவு.
2. எவ்வளவு நேரம் ஓடிய பின், எந்த வேகத்தில் நடந்தது.
3. வெயிலா மழையா, ஏசி போட்டிருந்ததா, தாங்கியில் எவ்வளவு பெற்றோல் இருந்தது.
4. எந்த எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பக்கத்தில் இருப்பவர் கைத்தொலைபேசியில் படம் பிடிக்கட்டும். ஓட்டுபவர் தொடக்கூடாது.
5. எவ்வளவு நேரத்தின் பின் மீண்டும் இயங்கியது.

எச்சரிக்கை விளக்கு எரிந்து அணைந்தாலும் அதன் குறியீடு வாகனத்தின் கம்பியூட்டரில் சிறிது காலம் இருக்கும். கோளாறு நடந்த கணத்தின் வேகமும் எஞ்சின் வெப்பநிலையும் கூடப் பல வாகனங்களில் பதிவாகும். பற்றறியைக் கழற்றினால் இவை அழிந்துபோகலாம். எனவே கராஜுக்குப் போகுமுன் தெரிந்தவர் யாரையும் பற்றறியில் கைவைக்க விடாதீர்கள்.

வரவேற்பு மேசையில் “காரைப் பாருங்கோ” என்று மட்டும் சொல்லித் திறப்பைக் கொடுத்துவிட்டு வரவேண்டாம். நீங்கள் சொல்லும் குறையை உங்கள் சொற்களிலேயே வேலைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வாசித்துப் பார்த்த பின்னர் கையெழுத்து வையுங்கள். குளிரில்தான் கோளாறு வருமென்றால் வாகனத்தை இரவு அங்கேயே விட்டு, காலையில் அவர்களையே இயக்கச் சொல்லுங்கள். கோளாறு காணப்படவில்லை என்றால் அதையும் எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாள் வீண் தாள் அல்ல. நீங்கள் இத்தனையாம் திகதி இந்தக் குறையோடு வந்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. பற்றுச்சீட்டு இல்லாத செலவை வரித் திணைக்களம் எப்படி ஏற்காதோ, தாள் இல்லாத முறைப்பாடும் அப்படித்தான்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 2011 முதல் அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளது. விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. தயாரிப்பாளரின் உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது என்பதால் மட்டும் இந்த உரிமை முடிந்துவிடாது. சிறு குறையென்றால் விற்றவர் நியாயமான காலத்துக்குள் இலவசமாகத் திருத்தித் தரவேண்டும். பெருங்குறையென்றால் பணத்தைத் திரும்பப் பெறுவதா, வேறு வாகனம் பெறுவதா என்று தெரிவு செய்யும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. பாதுகாப்பற்ற வாகனம் பெருங்குறை உள்ளது. இந்தக் குறை இருப்பது தெரிந்திருந்தால் நியாயமான ஒருவர் வாங்கியிருக்கமாட்டார் என்றாலும் அது பெருங்குறையே. 2020 இறுதியில் வந்த திருத்தத்தின்படி, பல சிறு குறைகள் சேர்ந்தும் பெருங்குறையாகலாம். ஆனால் வாகனத்தை நிராகரிப்பதானால் ஆண்டுக்கணக்கில் காலம் கடத்தக்கூடாது.

“நீங்கள் ஓட்டும் விதம்தான் பிழை” என்று சொல்லப்பட்டவர்கள் ஒரு வழக்கை அறிந்திருக்க வேண்டும். ஃபோர்ட் அவுஸ்திரேலியா நிறுவனத்தின் பவர்ஷிஃப்ட் கியர் பூட்டிய ஃபியெஸ்டா, ஃபோகஸ், ஈக்கோஸ்போர்ட் வாகனங்கள் குலுங்குவதாகப் பலர் முறையிட்டனர். ஓட்டும் முறையே காரணம் என்று சிலருக்குச் சொல்லப்பட்டது. அவுஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணைக்குழு வழக்குத் தொடர்ந்தது. 2018 ஏப்ரலில் சமஷ்டி நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கு 10 மில்லியன் டொலர் தண்டம் விதித்தது.

பழைய கார் வாங்குபவர்களுக்கும் ஒரு சொல். நியூ சவுத் வேல்ஸில் உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்கும், 10 வயதுக்கும் 160,000 கிலோமீற்றருக்கும் உட்பட்ட காருக்கு 3 மாதம் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அதுவரை சட்ட உத்தரவாதம் உண்டு. தனியாரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. தெரிந்த தமிழரிடம் வாங்கினாலும் முதலில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

முகவர் நிலையம் இழுத்தடித்தால் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். வாங்கிய திகதி, குறை, கொண்டுபோன திகதிகள், உங்களுக்கு வேண்டிய பரிகாரம், பதிலுக்கான கெடு ஆகியவை போதும். கோபச் சொற்கள் வேண்டாம். வேறொரு கராஜில் எழுத்தில் ஓர் அறிக்கை எடுத்து இணைத்தால் பலம் கூடும். அதற்கும் பதிலில்லையென்றால் ஃபெயார் ட்ரேடிங் அலுவலகம் இலவசமாகச் சமரசம் பேசும். அடுத்த படி என்கட் எனப்படும் தீர்ப்பாயம். விக்டோரியாவில் கன்சியூமர் அஃபேர்ஸ், வீகட். பெரும்பாலோர் சட்டத்தரணி இல்லாமலே அங்கு பேசுகிறார்கள். ஆங்கிலம் தடையென்றால் 131 450 என்ற அரச மொழிபெயர்ப்புச் சேவையைத் தமிழில் கேட்டு அழைக்கலாம்.

எங்கள் ஆட்களில் பலருக்கு முறைப்பாடு என்ற சொல்லே பயம். காகிதத்தில் பெயர் பதிந்தால் வில்லங்கம் என்று கற்றுக்கொண்ட நாட்டிலிருந்து வந்தோம். வந்த இடத்தில் சத்தம் போடக்கூடாது என்று பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டோம். ஆனால் ஃபெயார் ட்ரேடிங்கில் முறையிடுவது விசாவையோ குடியுரிமையையோ தொடும் விடயமல்ல. அந்தக் காரில் போவது இரவு வேலைக்குப் போகும் தாயும், புதிதாக லைசென்ஸ் எடுத்த மகளும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இங்கே அழவும் தேவையில்லை, எழுதினால் போதும். நெடுஞ்சாலையில் ஒருமுறை நின்ற காரை, காரணம் தெரியும்வரை அந்தப் பாதையில் மீண்டும் ஓட்டாதீர்கள்.

கேள்விகள் இருந்தால் நிகழ்ச்சி நேரத்தில் நிலையத்துக்கு அழையுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.