மலிவான அளவியை நம்பலாமா?

பண்ணுருட்டிக்கும் நெய்வேலிக்கும் இடையில் உள்ள காடாம்புலியூர் முந்திரிக்குப் பெயர் பெற்றது. முந்திரி ஆலை இயந்திரத்தின் தண்டைக் கடையும்போது 0.1 மி.மீ. அதிகமாகத் தேய்த்துவிட்டால், பேரிங் அதில் இறுகாமல் வழுக்கும். இந்தச் சிறு வேறுபாட்டைக் காட்டுவது வெர்னியர் அளவி.

விலை குறைந்த அளவி வாங்கினால் கடையிலேயே சோதியுங்கள். தாடைகளை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒளி கசிந்தால் வேண்டாம். இரு கோல்களின் சுழிக்கோடுகளும் ஒன்றாவிட்டால் அது சுழிப்பிழை. அது மாறாத பிழை, கணக்கில் திருத்திக்கொள்ளலாம். நகரும் தாடை ஆடினாலோ, பிழை ஒவ்வொரு முறையும் மாறும். அதைத் திருத்த வழியில்லை!

பிறகு, 6204 எண்ணுள்ள புதிய பேரிங் ஒன்றை அளந்து பாருங்கள். உள்விட்டம் 20 மி.மீ., வெளிவிட்டம் 47 மி.மீ. மும்முறை அளந்தும் அதே அளவுகள் வந்தால், மலிவானாலும் அது நல்ல அளவியே.